நான்கு கரை நடை: உட்கார்ந்தே பழகிய ஒரு மதுரைக் குடும்பத்தின் எட்டு மாதங்கள்

பிள்ளை குண்டாகிக்கொண்டே போகிறான், எந்த கிளாஸில் சேர்க்கலாம் என்று கேட்டு வரும் பெற்றோரை இயன்முறை மருத்துவர் என்ற முறையில் வாராவாரம் பார்க்கிறேன். கேட்கிறவரும் பெரும்பாலும் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்தான். பிள்ளையை மட்டும் அசைய வைக்க முடியாது, வீடே சேர்ந்து அசைய வேண்டும் என்று சொல்வது சுலபம். அது ஒரு வீட்டில் எப்படி நடந்தது, எங்கே நின்றுபோனது என்பதைப் பதிந்துவைத்தால் இதே வேலையில் இருப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், முதல் மாடி வாடகை வீட்டில் ஐந்து பேர். அப்பாவுக்கு 43 வயது, ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அம்மாவுக்கு 37. வீட்டிலேயே மெஷின் வைத்து பிளவுஸ் தைக்கிறார். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. மகனுக்கு 8, மூன்றாம் வகுப்பு. கூடவே அப்பாவைப் பெற்றவர், பிள்ளைகளுக்கு அப்பத்தா. அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை நோய் உண்டு.

2024 ஜூன் கடைசியில் பிள்ளைகளின் அம்மா முட்டிவலி என்று வந்தார். படி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் வலி. டியூஷனுக்குப் போகும் வழி என்பதால் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். பயிற்சி அறை மாடியில் இருக்கிறது. ஏறும்போது பையன் பாதிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். என்னப்பா என்றேன். "அவனுக்கு எப்பவுமே அப்படித்தான் மேடம், மூச்சு வாங்கும்" என்று அம்மா சாதாரணமாகச் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாடி ஏறுவதில் மூச்சு வாங்குவது சாதாரணம் இல்லை. முட்டிவலிக்கு வந்தவரிடம் வீட்டில் எல்லோரையும் பற்றி நான் விசாரிக்கத் தொடங்கியது அதனால்தான்.

முதலில் கண்டவை

ஒரு வாரம் வீட்டில் யார், எப்போது, எவ்வளவு நேரம் அசைகிறார்கள் என்று குறித்து வரச் சொன்னேன். மகள் ஒரு பழைய நோட்டில் அழகாகக் கோடு போட்டு எழுதிவந்தாள். அந்த நோட்டு சொன்னதை எந்தக் கேள்வித்தாளும் எனக்குச் சொல்லியிருக்காது.

பையன் வேனில் பள்ளிக்குப் போய் வேனில் வருகிறான். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். அதில் ஒன்றைப் பெரும்பாலும் வேறு பாடம் எடுத்துக்கொள்கிறது. மிச்சமுள்ள ஒன்றில் அவன் மற்ற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்கும் செருப்புக்கும் காவல். மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை டியூஷன், அதற்கு அப்புறம் மொபைல். ஞாயிறு மதியம்வரை டிவி.

அம்மாவைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. காலை ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, டப்பா கட்டி, எல்லோரையும் அனுப்பிவிட்டு மெஷினில் உட்கார்ந்தால் ஏழெட்டு மணி நேரம். முன்பு காலால் மிதிக்கிற மெஷின். இரண்டு வருஷத்துக்கு முன் மோட்டார் மாட்டியிருக்கிறார். வேலை வேகமாயிற்று, காலுக்கு இருந்த அந்தக் கொஞ்ச வேலையும் போயிற்று. முட்டிவலி தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். மோட்டார்தான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் முட்டியைத் தாங்கிப் பிடிக்கும் முன்தொடைத் தசை அவருக்கு நன்றாகவே தளர்ந்திருந்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 வினாடியில் 9 தடவைதான் எழுந்து உட்கார முடிந்தது.

அப்பா காலை பத்து மணிக்குக் கடைக்குப் போனால் வீடு திரும்ப ஒன்பதரை ஆகும். போவது வருவது பைக்கில், கடையில் பில் கவுன்டர் நாற்காலி. என் வற்புறுத்தலுக்காக ஒரு நாள் வந்தார். இடுப்புச் சுற்றளவு 101 சென்டிமீட்டர். நம் தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் எச்சரிக்கைக் கோடு. இரத்த அழுத்தம் 148/94.

மகள் விஷயம் வேறு. பள்ளியிலிருந்து வந்ததும் படுத்துவிடுவாள். தலைவலி என்பாள். வீட்டில் அவளுக்குச் "சோம்பேறிக் கழுதை" என்று பெயரே வைத்துவிட்டார்கள். கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் உள்ளே வெளுத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2. அந்த வயதுக்கு 12க்குக் குறைந்தால் இரத்தசோகை. இப்படி இருக்கும் பிள்ளையை ஓடு, ஆடு என்று விரட்டினால் ஓடாது. திட்டுதான் மிஞ்சும்.

பையனின் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. அழுக்கு என்று நினைத்து அம்மா தினமும் பயத்தமாவு போட்டு, ஸ்க்ரப்பர் வைத்துத் தேய்த்திருக்கிறார். தோல் சிவந்துபோயிருந்தது. அது அழுக்கு இல்லை, உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குப் பல சமயம் தோலில் தெரிகிற அடையாளம், தேய்த்தால் போகாது என்று சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தேய்க்கிறப்போ அழுவான் மேடம்" என்றார். இதைப் படிக்கும் பெற்றோர் ஒரு நிமிஷம் தங்கள் பிள்ளையின் கழுத்தைப் பாருங்கள். கறுப்புப் பட்டை இருந்தால் சோப்பை வைத்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

தொடங்கும் முன்

உடற்பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்ப்பது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பையனுக்கு வீசிங் இல்லை என்று குழந்தை மருத்துவர் உறுதி செய்தார். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் அவன் உடல் பருமன் கோட்டைத் தாண்டியிருந்தான். மகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் தொடங்கினார்கள். அப்பாவுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்த மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7க்கும் 6.4க்கும் இடையில் இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த முந்தைய நிலை என்று கணக்கிட்டது. அப்பத்தா மாத்திரை போடுகிறார், மருமகள் வாசற்படியில் நிற்கிறார், பேரன் கழுத்தில் அடையாளம் தெரிகிறது. மூன்று தலைமுறை ஒரே வீட்டில். பையனுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று நான் முடிவு செய்தது இதைப் பார்த்துத்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அப்பா முதலில் கேட்டது கராத்தே கிளாஸ். வேண்டாம் என்றேன். கராத்தேயில் குறை ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் அவன் ஆடுவான், அந்த இரண்டு மணி நேரமும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து மொபைல் பார்ப்பார். மிச்ச ஐந்து நாளும் வீடு பழையபடியே இருக்கும். மாடிப்படியில் மூச்சு வாங்குகிற பையன், வேகமாக உதைக்கிற பிள்ளைகள் நடுவில் முதல் நாளே கடைசியில்தான் நிற்பான். கொஞ்சம் தெம்பு வந்தபின் அவனே கேட்டால் சேர்க்கலாம் என்று பேசி வைத்தோம்.

வீட்டில் எடை மெஷின் கிடையாது, எடைப் பேச்சும் கிடையாது என்பது இரண்டாவது முடிவு. குண்டு, தடியன், சோம்பேறி மூன்றும் தடை. அப்பத்தாவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் அதைக் கொஞ்சலாகத்தான் சொல்கிறார். ஆனால் விளையாட்டில் இறங்கத் தயங்கி நிற்கும் பிள்ளைக்கு அது கொஞ்சலாகக் கேட்பதில்லை. பதிலுக்கு என்ன அளப்பது? மாடி ஏறினால் நிற்கிறானா, ஸ்கிப்பிங் எத்தனை தாண்டுகிறாள், அம்மா எத்தனை தடவை எழுந்து உட்கார்கிறார். எல்லாம் மகளின் நோட்டில்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குச் சராசரியாகத் தினமும் 60 நிமிடம், மூச்சு கொஞ்சமாவது வேகமாகிற அசைவு வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இந்தக் குடும்பம் திரும்ப வந்திருக்காது. நான் சொன்னது அதே வழிகாட்டுதலில் உள்ள இன்னொரு விஷயத்தை. முன்பு, ஒரு தடவையில் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்குத்தான். நாளெல்லாம் மெஷினில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

எப்போது செய்வது என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். என் அனுபவத்தில், என்ன பயிற்சி என்பதைவிட எந்த மணியில் என்பதுதான் ஒரு குடும்பம் தொடருமா நிறுத்துமா என்பதைத் தீர்மானிக்கிறது. வாரநாள் காலை நடக்காது. தண்ணீரும் டப்பாவும் இருக்கிறது. டியூஷன் முடிந்து ஏழரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அரைமணி நேரம் இருந்தது, அதுவரை மொபைலுக்குப் போன அரைமணி. அந்த நேரத்தில் அம்மாவும் பிள்ளைகளும் மொட்டைமாடியில் விளையாடுவது. இரவு அப்பா சாப்பிட்டதும் அம்மாவும் அவரும் தெருவில் பதினைந்து நிமிடம் நடப்பது. சாப்பிட்டபின் நடந்தால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு பேருக்குமே இது பொருத்தம். ஞாயிறு காலை, அப்பா கடைக்குப் போவதற்கு முன், நான்கு பேரும் தெப்பக்குளம். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறதே, அங்கே போகலாமா என்று அப்பா கேட்டார். அந்த முட்டிக்கும் அந்தப் பையனுக்கும் 8 கிலோமீட்டர் அப்போது அதிகம்.

அம்மாவின் காலுக்கு முதல் மூன்று வாரம் தனியாகப் பயிற்சி. நாற்காலியில் எழுந்து உட்காருவது, உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பிடிப்பது. ஒரு ஜோடி ஷூ வாங்கச் சொன்னேன். சேலைக்கு ஷூவா என்று கூச்சப்பட்டார். சுடிதாருக்கு மாறச் சில வாரம் ஆயிற்று.

முதல் வாரங்கள்

முதல் ஞாயிறு காலையில் எழ முடியாமல் மாலையில் போனார்கள். மாலைத் தெப்பக்குளத்தைத் தெரிந்தவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று புரியும். சுற்றிலும் பஜ்ஜி, சுண்டல், பானிபூரி, பருத்திப்பால் கடைகள். அப்பா போனைப் பார்த்தபடி முன்னால் வேகமாக, அம்மா பின்னால் மெதுவாக, பிள்ளைகள் கடை வாசலில். அரைச் சுற்றோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த வாரத்திலிருந்து காலை ஆறு மணி என்று உறுதி ஆயிற்று. அந்த நேரத்தில் கடை இல்லை, நடக்கிறவர்கள்தான் இருப்பார்கள்.

காலையில் வேறு சிக்கல். பிள்ளைகளுக்கு நடை பிடிக்கவில்லை. பிடிக்காததில் ஆச்சரியம் இல்லை. குழந்தைகளின் இயல்பான அசைவு நாம் நடப்பதுபோல ஒரே சீராக இருக்காது. சில வினாடி பாய்ச்சல், கொஞ்சம் நிற்பது, மறுபடி பாய்ச்சல். அரைமணி நேரம் வரிசையாக நட என்றால் அவர்களுக்கு அது தண்டனை. பெரியவர்களோ ஓட முடியாதவர்கள். இரண்டையும் சேர்க்க ஒரு வழி வேண்டியிருந்தது.

அதைத் தெப்பக்குளமே கொடுத்தது. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளம் ஏறக்குறைய சதுரம். ஒவ்வொரு கரையும் சுமார் 300 மீட்டர். நான்கு கரை, நான்கு பேர். ஒரு கரைக்கு ஒருவர் தலைவர். அந்தக் கரை முழுக்க அவர் சொல்வதை மற்ற மூன்று பேரும் செய்ய வேண்டும், முடியாதவர் தன்னால் முடிந்த வடிவத்தில் செய்யலாம், ஆனால் நிற்கக் கூடாது. அப்பா தன் கரையில் வேகநடை வைத்தார். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்தான் மிதமான அசைவு என்று நான் சொல்லியிருந்ததைப் பையன் பிடித்துக்கொண்டு, நடுநடுவே அப்பாவைப் பாடச் சொல்லிச் சோதித்தான். அம்மா கரையில் கை வீசி நடை. மகள் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஓட்டமும் நடையும். பையன் ஒவ்வொரு வாரமும் ஒன்று கண்டுபிடிப்பான்: நொண்டி, பக்கவாட்டு நடை, சிப்பாய் நடை. அப்பா நாலு தப்படி நொண்டிவிட்டு மூச்சிறைத்து நிற்க, பையன் திரும்பிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனதை நான் உடன் சென்ற ஒரு காலையில் பார்த்தேன். வீட்டிலேயே குறைவாக ஓடக்கூடியவன் என்று எல்லோரும் நினைத்த பிள்ளை, அந்த 300 மீட்டருக்கு மற்றவர்களை நடத்திப் போகிறவன் ஆனான். ஒரு சுற்றில் தொடங்கியது, ஆகஸ்ட் கடைசியில் இரண்டு சுற்று. இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கச் சொன்னேன்: நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கக் கூடாது, படித்துறைப் பக்கம் போகக் கூடாது.

மொட்டைமாடியில் அம்மா தையல் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டார். சில்லு எறிந்து, நொண்டாமல் கட்டம் கட்டமாக நடப்பது அவருக்கு, நொண்டுவது பிள்ளைகளுக்கு. ஸ்கிப்பிங் கயிறு, ஓடிப்பிடிச்சு. கைப்பிடிச் சுவர் உயரத்தை முதலில் போய்ப் பார்த்துக்கொண்டேன், அது போதுமான உயரம்தான். இரண்டாவது வாரமே மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டு ஓனர், தலைமேல் இடிக்கிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். குதிக்கிற விளையாட்டெல்லாம் எட்டு மணிக்குள், அதுவும் படிக்கட்டுப் பக்கத்து மூலையில் மட்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தடை எந்தப் புத்தகத்திலும் இருக்காது, ஆனால் எல்லா வீட்டிலும் வரும்.

மகள் விலகியதும் அப்பத்தா வந்ததும்

செப்டம்பரில் மகள் வயதுக்கு வந்தாள். சடங்கு, தனியாக உட்காரவைப்பது, உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை எல்லாம் முறைப்படி நடந்தன. அதற்கு அப்புறம் அவள் மாடிக்கும் வரவில்லை, தெப்பக்குளத்துக்கும் வரவில்லை. "வயசுக்கு வந்த பிள்ளை மாடியில குதிச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்று அப்பத்தா நிறுத்திவிட்டார். அம்மாவால் மாமியாரை எதிர்த்துப் பேச முடியவில்லை. நோட்டில் அவளுடைய பத்தி காலியாகவே இருந்தது.

நம் ஊரில் எத்தனையோ பெண்பிள்ளைகளின் விளையாட்டு இந்த இடத்தில்தான் நிற்கிறது, அப்படியே நின்றும்விடுகிறது. எலும்பு உறுதிப்படும் வருஷங்கள் இவைதான். குதிப்பதும் தாண்டுவதும் எலும்புக்கு உரம். சாதாரண மாதவிடாய் நாட்களில் விளையாடுவதால் கெடுதல் எதுவும் இல்லை. இவளுக்கு மாதாமாதம் இரத்தம் போவதால் இரும்புச்சத்துத் தேவையும் கூடுகிறது, மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் நான் அப்பத்தாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். வாதாடப் போகவில்லை, கேட்கத்தான் போனேன். உங்கள் காலத்தில் பெண்பிள்ளைகள் என்ன விளையாடினீர்கள் என்று கேட்டபோது அவர் பேச ஆரம்பித்தார். வயக்காட்டு வேலை, முளைப்பாரி எடுப்பதற்கு முன்னால் பத்து நாள் ராத்திரி ராத்திரி கும்மி. வயதுக்கு வந்த பெண்கள்தான் முன்னால் நின்று அடிப்பார்களாம். அப்படியென்றால் இவளுக்கும் கற்றுக்கொடுங்களேன் என்றேன்.

மறுவாரம் மாடியில் கும்மி. அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்து தாளம் சொல்ல, மகளும் அம்மாவும் சுற்றிவந்து குனிந்து நிமிர்ந்து கை தட்டினார்கள். பையனும் சேர்ந்துகொண்டான். குனிந்து, நிமிர்ந்து, அடியெடுத்து ஐந்து நிமிடம் அடித்தால் நல்ல மூச்சு வாங்கும். நானே அடித்துப் பார்த்தேன். கும்மி போதும் என்ற அளவில் இதை நிறுத்தக் கூடாது என்று தோன்றியதால், அதே நேரத்தில் ஸ்கிப்பிங்கையும் திரும்பக் கொண்டுவந்தோம். அப்பத்தா கண்முன்னால் நடப்பதால் மறுப்பு வரவில்லை. ஞாயிறு தெப்பக்குளத்துக்கு மட்டும் மகள் பழையபடி வரவே இல்லை. அதில் அப்பத்தாவின் தடையைவிட அவளுடைய கூச்சம் பெரிதாக இருந்தது. பள்ளிப் பையன்கள் பார்க்கிறார்கள் என்றாள். வற்புறுத்தவில்லை.

தீபாவளியும் மழையும்

2024இல் தீபாவளி அக்டோபர் 31. ஜவுளிக்கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்பா வீடு திரும்ப நள்ளிரவு, ஞாயிறும் அதிகாலையிலேயே கடை. அம்மா விடிய விடிய மெஷின். கூடவே மதுரையில் அந்த அக்டோபர் கடைசியில் கனமழை, மொட்டைமாடி பாசி பிடித்து வழுக்கியது. மாடிப்படி மூன்று தடவை ஏறி இறங்குவது, கூடத்தில் கும்மி என்று ஒரு குறைந்தபட்ச ஏற்பாட்டை வைத்திருந்தோம். நடக்கவில்லை. பிள்ளைகள் மட்டும் எப்போதாவது செய்தார்கள். சில வாரங்கள் நோட்டு திறக்கப்படவே இல்லை.

நவம்பர் நடுவில் அம்மா மறுபடி வந்தார். முட்டிவலி திரும்பியிருந்தது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவர் முட்டியே சொல்லிவிட்டதால் நான் தனியாக எதுவும் சொல்லவில்லை. ஒரே சுற்று, பத்து நிமிட மாடி என்று கீழே இறக்கித் தொடங்கினோம். பழைய அளவுக்கு வர டிசம்பர் அரையாண்டு விடுமுறை ஆயிற்று. விடுமுறையில் பையன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் மாடிக்குக் கூட்டிவந்துவிட்டான், ஓனர் வீட்டுப் பேரன் உட்பட. அதற்கு அப்புறம் இடிக்கிறது என்ற புகார் வரவில்லை.

2025 பிப்ரவரி நிலவரம்

அம்மா 30 வினாடியில் 14 தடவை எழுந்து உட்கார்கிறார். படி இறங்கும்போது வலி எப்போதாவதுதான். சராசரிச் சர்க்கரை 6.1லிருந்து 5.9. சிறிய இறக்கம், இன்னும் முந்தைய நிலைக்குள்தான். எடை இரண்டு கிலோ குறைவு. அப்பாவின் இடுப்பு 98 சென்டிமீட்டர், இரத்த அழுத்தம் 132/84. இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். அது மருத்துவர் முடிவு, நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றேன்.

மகளின் ஹீமோகுளோபின் 12.1. பள்ளிவிட்டு வந்ததும் படுப்பது நின்றுவிட்டது. சோம்பல் என்று வீடே பெயர் வைத்தது இரத்தசோகைக்கு.

பையன் ஒரு கிலோ கூடியிருக்கிறான், நாலு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான். உயரத்தோடு ஒப்பிட்டால் இறக்கம்தான், ஆனாலும் வரைபடத்தில் இன்னும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறான். கழுத்துக் கறுப்பு அப்படியே இருக்கிறது, அம்மா தேய்ப்பதில்லை. எங்கள் மாடியை நிற்காமல் ஏறுகிறான். பி.டி. பீரியடில் கோகோ ஆடுகிறான், முதலில் அவுட் ஆகிறவன் தான்தான் என்று அவனே சொல்கிறான், ஆனால் பாட்டில் காவல் இல்லை.

குறைகளையும் எழுதவேண்டும். பள்ளி நாட்களில் பிள்ளைகளின் அசைவு பி.டி. சேர்த்தாலும் அரைமணிக்குச் சற்று மேல். 60 நிமிடம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. ஞாயிறு மதியத்துக்கு மேல் மொபைல் நேரம் குறையவே இல்லை. இரவு நடை வாரத்தில் மூன்று நாள் நடந்தால் அதிகம்.

அடுத்த குடும்பத்தில் மாற்றிச் செய்யப்போவது

காலண்டரை முதல் நாளே மேஜையில் விரிக்க வேண்டும். அப்பா அம்மாவின் தொழிலில் எந்த மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது, மழை எப்போது, பரீட்சை எப்போது என்று குறித்து, அந்த வாரங்களுக்கான திட்டத்தை யார் கையில் ஒப்படைப்பது என்பதையும் அப்போதே பேச வேண்டும். இந்த வீட்டில் அது அப்பத்தாவாக இருந்திருக்கலாம். தீபாவளி மாதத்தில் வேலை இல்லாத ஒரே பெரியவர் அவர்தான். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இனி முதல் சந்திப்பிலேயே அவர்களையும் வரச் சொல்கிறேன்.

பத்து வயதைத் தாண்டிய பெண்பிள்ளை இருந்தால், வயதுக்கு வந்தபின் விளையாட்டு தொடரும் என்பதை அம்மாவிடமும் பாட்டியிடமும் முன்கூட்டியே பேசிவிடுவது. அது நடந்தபின் பேசினால் பல வாரம் போய்விடுகிறது. அந்தப் பெண் எங்கே, யார் பார்வையில் ஆட விரும்புகிறாள் என்பதை அவளிடமே கேட்பது.

வாடகை வீடாக இருந்தால் ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது. பிள்ளைகள் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே ஹீமோகுளோபின் பார்ப்பது.

பள்ளிக்கும் ஒரு கடிதம். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் இருந்தும் ஒன்று போய்விடுகிறது, மற்றதில் குண்டான பிள்ளை ஓரமாக நிற்கிறது என்பதை இந்த எட்டு மாதத்தில் பள்ளியிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பெற்றோர் சம்மதித்தால், பிள்ளையை ஆட்டத்தில் சேர்க்கும்படியும் மூச்சு வாங்கினால் ஓய்வு கொடுத்து மறுபடி சேர்க்கும்படியும் உடற்கல்வி ஆசிரியருக்கு நான் எழுதித் தருகிறேன். இந்தப் பையனுக்கான கடிதத்தை மார்ச் முதல் வாரம் அவன் அம்மா வாங்கிப் போயிருக்கிறார்.